ஆரம்பப் பள்ளி டீச்சர் டிகிரி படிக்கிறேன், இதுல வர்ற தியரி எல்லாம் நிஜ கிளாஸ்ல உதவுமா?

நிலாமணல்

எல்லாருக்கும் வணக்கம். ஆரம்பப் பள்ளி டீச்சர் ஆகுறதுக்கான டிகிரில இப்போ ரெண்டாவது வருஷம் படிச்சிட்டு இருக்கேன். அடுத்த செமஸ்டர்ல டீச்சிங் பிராக்டிஸ் ஆரம்பிக்குது. முதல்ல கொஞ்ச நாள் கிளாஸ் பின்னாடி உக்காந்து பாக்கணும், அப்புறம் சின்ன குரூப், அதுக்கப்புறம் முழு கிளாஸும் நம்ம கைல. நெனச்சாலே வயித்த கலக்குது.

என் சந்தேகம் என்னன்னா, இதுவரைக்கும் பிள்ளைங்க யோசிக்கிற விதம் எப்படி வளருதுன்னு பியாஜே சொன்ன நாலு நிலை, கற்றல் பத்திச் சொன்ன வைகாட்ஸ்கி, புரூனர், புளூம்னு எழுதி எழுதி எல்லாம் மனப்பாடம் ஆயிடுச்சு, எந்த வயசுக்கு எந்த நிலைன்னு தூக்கத்துல எழுப்பி கேட்டாலும் சொல்லுவேன், ஆனா ஒரு கிளாஸ் நிறைய பிள்ளைங்க முன்னாடி போய் நிக்கும்போது இதுல எது கைகொடுக்கும்னு சத்தியமா புரியல.

அடுத்து கணக்கு கற்பித்தல் பேப்பர். இடமதிப்பு, கடன் வாங்கி கழிக்கிறது, பின்னம்னு சின்ன வயசுல படிச்சதையே திரும்பப் படிக்கிறோம். போடச் சொன்னா போட்டுருவேன். எங்க மேடம் போடச் சொல்றதே இல்ல. "ஏன் கடன் வாங்குறோம், அந்த ஒன்னு எங்க இருந்து வருது, ஒரு பிள்ள கேட்டா என்ன சொல்லுவ"ன்னு கேக்குறாங்க, அங்க வாயே வர மாட்டேங்குது. கணக்குன்னா எனக்கு ஸ்கூல்ல இருந்தே பயம் வேற.

இதோட வீட்டுக்கு வர்றவங்க எல்லாம் "சின்னப் பிள்ளைங்களுக்கு எழுத்து சொல்லிக் குடுக்க எதுக்கு இத்தனை வருஷம் படிப்பு"ன்னு கேக்குறாங்க. கேட்டு கேட்டு எனக்கே அப்படித் தோண ஆரம்பிச்சிருச்சு. பேசாம பெரிய கிளாஸுக்கு ஒரே ஒரு சப்ஜெக்ட் எடுக்குற கோர்ஸுக்கு மாறிடலாமான்னு ஒரு யோசனை. பிள்ளைங்கள பிடிக்கும், அதுல சந்தேகம் இல்ல.

ஏற்கனவே வேலைல இருக்கவங்க, படிச்சு முடிச்சவங்க சொல்லுங்க ப்ளீஸ். பிராக்டிஸ் போறதுக்கு முன்னாடி நான் என்ன தயார் பண்ணிக்கணும்?

---

மூணாங்கிளாஸ்_அக்கா

தங்கச்சி, உங்க மேடம் கேக்குற கேள்விதான் இந்தப் படிப்போட உயிர்நாடியே. அதை விட்டுட்டு வேற எதை தயார் பண்ணாலும் பிரயோஜனம் கம்மி. ஏன்னு என் கிளாஸ்ல இருந்தே சொல்றேன்.

52 கழித்தல் 38 போர்டுல எழுதிப் போட்டா ஒவ்வொரு வருஷமும் சில பிள்ளைங்க நோட்ல 26ன்னு எழுதிட்டு வருவாங்க. படிச்சவங்க பாத்தா "கவனக்குறைவு"ன்னு சிவப்பு மைல அடிச்சிட்டுப் போயிருவாங்க. கொஞ்சம் உத்துப் பாருங்க. 5ல 3 போனா 2, சரி. அடுத்தது 2ல 8 கழிக்கணும், பிள்ள என்ன பண்ணியிருக்குன்னா 8ல 2 போனா 6ன்னு போட்டிருக்கு. அதே பிள்ளகிட்ட 71 கழித்தல் 45 குடுங்க, 34ன்னு வரும். 90 கழித்தல் 27 குடுங்க, 77ன்னு வரும். பாத்தீங்களா, இதுல கவனக்குறைவே இல்ல, ரொம்ப கவனமா ஒரு விதியை வச்சு எல்லா கணக்கையும் போட்டிருக்கு. அந்த விதி "பெரிய நம்பர்ல இருந்துதான் சின்ன நம்பரக் கழிக்கணும்". அதை யார் சொல்லிக் குடுத்தது? முதல் வகுப்புல நம்ம ஆளுங்கதான், 8ல 3 எடுக்குறது சொல்லிக் குடுக்கும்போது சுலபமா இருக்கட்டும்னு சொன்னது, பிள்ள அதை இலக்கம் இலக்கமா பிடிச்சுக்கிச்சு.

இப்போ இந்தப் பிள்ளகிட்ட "கடன் வாங்கி கழி, கடன் வாங்கி கழி"ன்னு பத்து தடவ கத்துனாலும் ஏறாது, ஏன்னா அதுக்கு 52ங்கிறது அம்பத்திரண்டா தெரியல, ஒரு அஞ்சு ஒரு ரெண்டுன்னு பக்கத்துல பக்கத்துல நிக்கிற ரெண்டு தனி நம்பராத் தெரியுது. அதனால நான் நோட்ட மூடி வச்சிட்டு குச்சி எடுத்துருவேன். பத்து பத்தா ரப்பர் பேண்ட் போட்ட அஞ்சு கட்டு, உதிரியா ரெண்டு குச்சி. "இதுல இருந்து எட்டு குச்சி எனக்குக் குடு"ம்பேன். பிள்ள உதிரி ரெண்டையும் குடுத்துட்டு முழிக்கும். நம்ம வாயத் திறக்கக் கூடாது. கொஞ்ச நேரத்துல ஒரு கட்டப் பாக்கும், நம்ம முகத்தப் பாக்கும், "பிரிக்கலாமா?"ன்னு கேக்கும். அதுதான் கடன் வாங்குறது, அந்த ஒன்னு அங்க இருந்துதான் வருது, ஒரு கட்டு பிரிஞ்சு பத்து உதிரியா மாறுது, அவ்வளவுதான். உண்மையில யாருகிட்டயும் கடனும் வாங்கல, திருப்பியும் குடுக்கல. அதுக்கப்புறம்தான் அதையே பக்கத்துலயே நோட்ல எழுதிக் காட்டணும், குச்சிய ஒரு நாளும் எழுத்த இன்னொரு நாளும் வச்சீங்கன்னா ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லாம போயிரும்.

இப்போ உங்க வீட்டுக்கு வர்றவங்க கேக்குற கேள்விக்கு வாங்க. 52ல 38 போனா 14ன்னு எல்லாருக்கும் தெரியும். 26ன்னு எழுதுன பிள்ள மனசுல என்ன ஓடுதுன்னு கண்டுபிடிக்கிறதுக்குத்தான் படிப்பு வேணும். நீங்க புரூனர்னு மனப்பாடம் பண்ணீங்களே, செஞ்சு பாக்குறது, படமாப் பாக்குறது, குறியீடா எழுதுறதுன்னு மூணு, அந்தக் குச்சிக் கட்டு, போர்டுல வரையிற கட்டு படம், 52ங்கிற எழுத்து, இதேதான் அது. பேர் மறந்தாலும் பரவால்ல, வரிசை மறக்காதீங்க.

---

வேலையும்_படிப்பும்

நான் வேற வேலைல இருந்துட்டு லேட்டா இந்தப் படிப்புக்கு வந்தவன், இப்போ கடைசி வருஷம், டீச்சிங் பிராக்டிஸ் முடிச்சிட்டேன். அக்கா கணக்கு பத்தி அழகா சொல்லிட்டாங்க, நான் பிராக்டிஸ் பத்தி மட்டும் சொல்றேன்.

ஒளிவுமறைவு இல்லாம சொல்லணும்னா முதல் வாரம் தியரி எதுவும் ஞாபகம் வராது, வரலன்னு பயப்படாதீங்க. என்னைக் கேட்டா தியரிய பரீட்சைக்கு ஒதுக்கி வச்சிட்டு இந்த விஷயங்களப் பழகிக்கிட்டாப் போதும்.

பின்னாடி உக்காந்து பாக்குற நாட்கள்ல எல்லாரும் டீச்சரப் பாத்து பக்கம் பக்கமா எழுதுவாங்க. நீங்க பிள்ளைங்களப் பாருங்க. ஒரு பீரியடுக்கு ஒரே ஒரு பிள்ள. அது எப்போ போர்டப் பாக்குது, எப்போ பக்கத்துப் பிள்ள நோட்டப் பாக்குது, கேள்வி கேட்டா கைய பாதி தூக்கிட்டு ஏன் இறக்குது, இத எழுதுங்க. நான் கவனிச்ச ஒரு பொண்ணு ரொம்ப அமைதி, நல்லா படிக்கிற பிள்ளைன்னு எல்லாரும் நெனச்சிட்டு இருந்தாங்க, நோட்டும் பளிச்சுன்னு இருக்கும். பாத்தா முழு பீரியடும் போர்டுல டீச்சர் எழுதுறதுக்கு அப்புறம்தான் பென்சில நகத்துறா, சொந்தமா ஒரு விடைகூட எழுதல. பின்னாடி உக்காந்து பாத்ததாலதான் தெரிஞ்சிது, முன்னாடி நின்னு பாடம் எடுத்துட்டு இருந்தா தெரிஞ்சிருக்கவே தெரிஞ்சிருக்காது.

அப்புறம் பொருள் குடுக்குறது. குச்சியோ மணியோ பேப்பரோ, கைல குடுத்துட்டு என்ன செய்யணும்னு சொல்லாதீங்க, குடுத்த அடுத்த நொடி உங்க குரல் யார் காதுலயும் விழாது. முதல்ல என்ன செய்யணும்னு சொல்லி, ஒரு பிள்ளய எழுப்பி திரும்பச் சொல்லச் சொல்லி, அது சரியா சொன்னதுக்கப்புறம் பொருள குடுங்க. ஒரு பாடம் முடிஞ்சு அடுத்த பாடம் மாறுற அந்த இடைவெளியத்தான் ரொம்ப யோசிச்சு வைக்கணும், யார் நோட்டு அடுக்குறது, எங்க வைக்கிறது, முடிச்சவங்க என்ன பண்றதுன்னு. கிளாஸ்ல சத்தம் வர்றதும் சண்ட வர்றதும் பாதிக்கு மேல அந்த இடைவெளிலதான்.

இன்னொன்னு, கேள்வி கேட்டுட்டு நிறுத்துங்க. மேரி பட் ரோவ்னு ஒருத்தங்க 1970கள்ல வகுப்பறைய பதிவு பண்ணி கேட்டுப் பாத்தாங்க, டீச்சருங்க கேள்வி கேட்டு சராசரியா ஒரு நொடிதான் காத்திருக்காங்க, உடனே வேற பிள்ளய கேக்குறாங்க இல்ல தாங்களே விடைய சொல்லிடுறாங்க. அதையே மூணு நொடி ஆக்குனதும் பிள்ளைங்க சொல்ற பதில் நீளமாச்சு, சும்மா இருந்த பிள்ளைங்களும் பேச ஆரம்பிச்சாங்க. மூணு நொடி சின்னதுன்னு தோணும், கிளாஸ் முன்னாடி நிக்கும்போது அது ஒரு யுகம். வீட்டுலயே கேள்விய சத்தமா கேட்டு மனசுக்குள்ள எண்ணிப் பழகுங்க.

---

நிலாமணல்

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. அக்கா, அந்தக் குச்சி விஷயத்த அப்படியே எழுதி வச்சிக்கிட்டேன், எங்க மேடம் ஏன் அப்படி கேக்குறாங்கன்னு இப்போதான் புரியுது. அண்ணா, நீங்க தியரிய ஒதுக்கி வைன்னு சொல்றீங்க, ஆனா கடைசில நீங்களே ஒரு ஆராய்ச்சிய சொல்லித்தான் புரிய வச்சீங்க :)

என் பயம் கணக்குலதான் நிக்குது. ஆரம்பப் பள்ளின்னா எல்லா சப்ஜெக்டும் நம்மதான் எடுக்கணும், எனக்குப் பிடிக்காத ஒன்ன பிள்ளைங்களுக்கு எப்படிப் பிடிக்க வைக்கிறது? அந்தப் பயம் அவங்களுக்கும் தொத்திக்குமா?

---

கல்வியியல்_வகுப்பு

நான் டீச்சருக்குப் படிக்கிறவங்களுக்குப் பாடம் எடுக்குற ஆளு. அதனால கொஞ்சம் நீளமா எழுதுவேன், பொறுத்துக்கோங்க மா.

தொத்திக்குமான்னு கேட்டீங்க. தொத்திக்க வாய்ப்பு இருக்கு. 2010ல சையன் பெய்லாக்கும் கூட இருந்தவங்களும் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, ஒன்னாவது ரெண்டாவது வகுப்பு எடுக்குற பெண் ஆசிரியர்களையும் அவங்க மாணவர்களையும் வருஷ ஆரம்பத்துலயும் கடைசிலயும் பாத்தாங்க. ஆரம்பத்துல டீச்சரோட கணக்கு பயத்துக்கும் பிள்ளைங்க மதிப்பெண்ணுக்கும் தொடர்பே இல்ல. வருஷக் கடைசில, டீச்சருக்குப் பயம் அதிகமா இருந்த வகுப்புகள்ல பெண் பிள்ளைங்க "ஆம்பளப் பசங்கதான் கணக்குல கெட்டி"ன்னு நம்புறது அதிகமா இருந்துச்சு, அப்படி நம்புன பெண் பிள்ளைங்களோட கணக்கு மதிப்பெண்ணும் குறைஞ்சிருந்துச்சு. உங்கள பயமுறுத்த இதச் சொல்லல. இது படிப்புக் காலத்துலயே சரிபண்ணிக்க முடியுற விஷயம், வேலைக்குப் போனதுக்கப்புறம் நேரம் கிடைக்காது, அதனால சொல்றேன்.

எப்படி சரிபண்றதுன்னா, பயம் வர்றதே "நான் சொல்ற விடை தப்பாயிடுமோ"ங்கிற இடத்துலதான். விடைய விட்டுட்டு ஏன்ங்கிற பக்கம் போங்க. உங்களுக்கு ஒரு பயிற்சி தர்றேன், இன்னைக்கே பண்ணிப் பாருங்க. ஒன்றே முக்காலை அரையால வகுக்கணும். விடை கண்டுபிடிக்கிறது முக்கியமில்ல, இதுக்கு ஒரு கதைக்கணக்கு எழுதுங்க, எட்டு ஒன்பது வயசுப் பிள்ளைக்குப் புரியுற மாதிரி. லிப்பிங் மாங்கிற ஆய்வாளர் இதே கேள்வியத்தான் வேலைல இருக்குற ஆரம்பப் பள்ளி டீச்சர்களக் கேட்டாங்க, அமெரிக்க டீச்சர்கள்ல விதிப்படி கணக்கப் போட்டவங்கள்லயே நிறைய பேரால சரியான கதை சொல்ல முடியல. சொன்னவங்கள்லயும் பல பேர் அரையால வகுக்குறதுக்குப் பதிலா ரெண்டு பேருக்குப் பிரிச்சுக் குடுக்குற கதைய சொல்லிட்டாங்க, அது ரெண்டால வகுக்குறது, வேற கணக்கு. நீங்க எழுதிட்டு இங்க போடுங்க, பாக்கலாம்.

இந்த மாதிரி அறிவுக்கு லீ ஷுல்மன் 1986ல ஒரு அடையாளம் குடுத்தார். பாடம் தெரியுறது ஒன்னு, பொதுவா பாடம் நடத்தத் தெரியுறது ஒன்னு, இது ரெண்டும் கலந்த இடத்துல மூணாவதா ஒன்னு இருக்கு, இந்தப் பாடத்துல பிள்ளைங்க எங்க தடுக்குவாங்க, எந்த உதாரணம் திறந்து காட்டும், எது குழப்பும்னு தெரியுறது. ஒரு கணித மேதைக்கு இது இருக்கணும்னு அவசியமில்ல, ரெண்டாவது வகுப்பு டீச்சருக்கு கட்டாயம் இருக்கணும். மூணாங்கிளாஸ் மேடம் சொன்ன 26 கதை இதுக்கு அருமையான உதாரணம். 1978லயே பிரவுன், பர்ட்டன்னு ரெண்டு பேர் பிள்ளைங்களோட கழித்தல் தப்புகளை ஆராய்ஞ்சு, அதுல பெரும்பாலும் ஒரு ஒழுங்கான விதி ஒளிஞ்சிருக்குன்னு காட்டினாங்க.

வேலையும் படிப்பும் தம்பி சொன்ன நடைமுறை யோசனைகள் எல்லாம் தங்கம், கூடவே ஒன்னு மட்டும் மறுக்கிறேன். தியரிய பரீட்சைக்கு ஒதுக்கி வைக்காதீங்க. நாங்க நடத்துற விதத்துல அது மனப்பாடமா போயிடுது, அது உண்மை. நாலு நிலைய வயசோட எழுது, அஞ்சு மார்க், முடிஞ்சுது. ஆனா பியாஜே என்ன பண்ணாருன்னு பாருங்க. ரெண்டு வரிசைல சமமா வில்லைகள அடுக்கி "ரெண்டுலயும் ஒரே அளவா இருக்கா"ன்னு கேக்குறார், பிள்ள ஆமாங்குது. ஒரு வரிசைய அகலமா பரப்பிட்டு திரும்ப அதே கேள்வி. அஞ்சு வயசுப் பிள்ள "இதுலதான் நிறைய"ங்குது. சரி, இந்த வயசுல எண்ணிக்கை நிலையா இருக்கும்னு புரியலன்னு முடிவு பண்றோம். 1974ல மெக்காரிகிள், டொனால்ட்சன்னு ரெண்டு பேர் இதையே கொஞ்சம் மாத்தினாங்க. பெரியவங்க கைல பரப்பாம, ஒரு குறும்புக்கார கரடி பொம்மை வந்து வரிசைய கலைச்சிருச்சுன்னு விளையாட்டாக்கி அதே கேள்விய கேட்டாங்க. இப்போ நிறைய பிள்ளைங்க சரியா "ஒரே அளவுதான்"னு சொன்னாங்க.

ஏன்னு யோசிங்க. ஒரு பெரிய மனுஷி நம்ம கண்ணு முன்னாடியே வேணும்னே ஒன்ன மாத்திட்டு அதே கேள்விய ரெண்டாவது தடவ கேட்டா, முதல் பதில் தப்பு போல, மாத்திச் சொல்லணும் போலன்னுதான் பிள்ளைக்குத் தோணும். இப்போ உங்க கிளாஸுக்கு வாங்க. ஒரு பிள்ள சரியா பதில் சொல்லுது, நீங்க "அப்படியா? நல்லா யோசிச்சு சொல்லு"ங்கிறீங்க, உடனே அது பதில மாத்திருது. எத்தனை டீச்சர் தப்பா சொல்லும்போது மட்டும் "ஏன்?"னு கேட்டு கேட்டு, ஏன்னு கேட்டாலே தப்புன்னு பிள்ளைங்கள பழக்கி வச்சிருக்காங்க தெரியுமா. சரியா சொன்ன பிள்ளகிட்டயும் ஏன்னு கேளுங்க, தினமும் கேளுங்க. பியாஜேயையும் அவருக்கு வந்த மறுப்பையும் சேத்துப் படிச்சா கிடைக்கிற பாடம் இது, நாலு நிலைய மட்டும் மனப்பாடம் பண்ணா கிடைக்காது.

---

எழுத்துக்கூட்டி

நான் முதல் வகுப்பு டீச்சர். எல்லாரும் கணக்கு பேசிட்டீங்க, வாசிப்பப் பத்தி நான் கொஞ்சம் சொல்றேன், ஏன்னா ஆரம்பப் பள்ளில மத்த எல்லாமே அதுமேலதான் நிக்குது.

சிஸ்டர், பிராக்டிஸ்ல உங்களுக்கு ரெண்டு வகைப் பிள்ளைங்க கட்டாயம் கிடைப்பாங்க. ஒன்னு, படத்தையும் முதல் எழுத்தையும் பாத்து மீதிய ஊகிச்சுச் சொல்ற பிள்ள. பக்கத்துல ஆட்டுக்குட்டி படம் இருந்தா, கீழ "ஆடுகள் மேய்ந்தன"ன்னு இருக்கும், பிள்ள தைரியமா "ஆட்டுக்குட்டி மேயுது"ன்னு வாசிச்சிட்டுப் போயிரும். அர்த்தம் கிட்டத்தட்ட சரியா இருக்கேன்னு விட்டுட்டீங்கன்னா படம் இல்லாத புத்தகம் வர்ற வகுப்புல அது மாட்டிக்கும். படத்த கையால மறைச்சிட்டு, எழுத்து எழுத்தா விரல் வச்சு வாசிக்க விடுங்க, மெதுவா போனாலும் பரவால்ல.

இன்னொரு பிள்ள கடகடன்னு வாசிக்கும், கேக்கவே காதுக்கு இனிமையா இருக்கும், முடிச்சதும் "யாரு எங்க போனாங்க"ன்னு கேட்டா ஒன்னும் தெரியாது. இதுக்கு நீங்க படிச்சிருப்பீங்க, கஃப், டன்மர்னு ரெண்டு பேர் 1986ல சொன்னது, எழுத்த ஒலியா மாத்துற திறனையும் மொழியப் புரிஞ்சுக்கிற திறனையும் பெருக்குனா வர்றதுதான் வாசிப்புப் புரிதல்னு. கூட்டல்னு சொல்லாம பெருக்கல்னு சொன்னாங்க பாருங்க, அதுலதான் விஷயமே இருக்கு. ரெண்டுல ஒன்னு பூஜ்ஜியம்னா மொத்தமும் பூஜ்ஜியம். முதல் பிள்ளைக்கு எழுத்துல வேலை பாக்கணும், ரெண்டாவது பிள்ளைக்கு பேச்சுலயும் கதை கேக்குறதுலயும் சொல்வளத்துலயும் வேலை பாக்கணும், ரெண்டுக்கும் ஒரே ரெமடியல் ஒர்க்‌ஷீட்ட குடுத்தீங்கன்னா ரெண்டும் அப்படியேதான் இருக்கும். இது தெரியாமத்தான் நிறைய இடத்துல "வாசிப்பு வரல"ன்னு ஒரே லிஸ்ட்ல எல்லாரையும் போட்டு உக்கார வச்சிடுறாங்க, பாக்கும்போது மனசு வலிக்கும்.

உங்களால முடிஞ்சா பிராக்டிஸ்ல தினமும் ஒரு பிள்ளய தனியா உக்கார வச்சு ஒரு பத்தி வாசிக்கக் கேளுங்க. திருத்தாதீங்க, கேளுங்க, எந்த வார்த்தைய என்னவா வாசிச்சுதுன்னு அப்படியே குறிச்சுக்கோங்க. லெசன் பிளான் கத்துத் தராதத அந்தக் குறிப்பு கத்துத் தரும்.

---

மாறிப்போன_மனசு

கோர்ஸ் மாறலாமான்னு கேட்டதுக்கு மட்டும் பதில். நான் ஆரம்பப் பள்ளி படிப்புல இருந்து பெரிய வகுப்பு அறிவியலுக்கு மாறுன ஆள், சந்தோஷமா இருக்கேன். ஆனா நான் மாறுன காரணம் வேற. எனக்கு ஒரே பாடத்த ஆழமா அஞ்சு செக்‌ஷனுக்கு எடுக்குறதுதான் பிடிச்சிருந்துச்சு, ஒரே பிள்ளைங்களோட காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும், ஷூ லேஸ் கட்டி விட்டு, அழுறத சமாதானப்படுத்தி, நடுவுல நாலு பாடமும் எடுக்குறது எனக்கு ஒத்துவரல. பிராக்டிஸ் போனப்பதான் அது தெரிஞ்சிது.

நீங்க பயத்தால மாற நெனக்கிறீங்க, பிள்ளைங்க பிடிக்கும்னு நீங்களே சொல்றீங்க. சொந்தக்காரங்க பேச்சுக்காக மாறவே மாறாதீங்க, ஃபின்லாந்துல முதல் வகுப்பு டீச்சர் ஆகணும்னாலும் மாஸ்டர்ஸ் டிகிரி வேணும், அத அவங்ககிட்ட சொல்லுங்க. பிராக்டிஸ் முடியுற வரைக்கும் எந்த முடிவும் எடுக்காதீங்க. சாயங்காலம் கிளாஸ விட்டு வெளிய வரும்போது உடம்பு ஓஞ்சு போயிருக்கும், அது எல்லாருக்கும் இருக்கும், ஆனா நாளைக்கு அந்தப் பையன்கிட்ட இத இப்படி கேட்டுப் பாக்கணும்னு மனசுல ஓடுதான்னு பாருங்க. ஓடுச்சுன்னா இருங்க.

---

நிலாமணல்

எல்லாத்தையும் ரெண்டு தடவ படிச்சிட்டேன். சார், உங்க கணக்குக்கு ரொம்ப நேரம் உக்காந்தேன். எனக்கும் முதல்ல ரெண்டு பேருக்குப் பங்கு போடுற கதைதான் வந்துச்சு, நீங்க சொன்னதால நிறுத்திட்டேன். அப்புறம் இப்படி எழுதினேன்: "ஒன்றே முக்கால் மீட்டர் ரிப்பன் இருக்கு. ஒரு பூ செய்ய அரை மீட்டர் வேணும். எத்தனை பூ செய்யலாம்?" மூணு பூ செய்யலாம், ஒன்றரை மீட்டர் போயிடும், கால் மீட்டர் மீதி. இங்கதான் சிக்கல், விதிப்படி போட்டா மூன்றரைன்னு வருது, ஆனா கைல மீதி இருக்குறது கால் மீட்டர்தானே, அந்த அரை எங்க இருந்து வந்துச்சு? ரொம்ப நேரம் பேப்பர்ல வரைஞ்சு பாத்தேன். மீதி கால் மீட்டர்தான், ஆனா ஒரு பூவுக்கு வேண்டிய ரிப்பன்ல அது பாதி, அதனால அரை பூ. சரியா சார்?

இன்னொன்னு, லெசன் பிளான் எழுதும்போது இதெல்லாம் எங்க எழுதுறது? எங்க ஃபார்மட்ல நோக்கம், துணைக்கருவி, செயல்பாடு, மதிப்பீடுன்னு கட்டம் கட்டமா இருக்கு.

---

கல்வியியல்_வகுப்பு

நூத்துக்கு நூறு சரி மா. அதவிட முக்கியம், மூணே காலா மூன்றரையாங்கிற இடத்துல நீங்க நின்னு யோசிச்சீங்க பாருங்க, உங்க கிளாஸ்ல பிள்ளைங்க நிக்கப்போறதும் அதே இடத்துலதான். அந்த ரிப்பன் படத்த பத்திரமா வைங்க, மீதித் துண்டுக்குக் கீழ "கால் மீட்டர்"னும் "அரை பூ"ன்னும் ரெண்டையும் எழுதி வைங்க, பின்னம் எடுக்கும்போது அதையே போர்டுல போடலாம்.

ஃபார்மட் கட்டத்த மாத்த முடியாது, அத அப்படியே நிரப்பிக் குடுங்க. அதுக்குப் பின்பக்கம் உங்களுக்காக மட்டும் மூணு விஷயம் எழுதிக்கோங்க. இந்தப் பாடத்துல பிள்ளைங்க சொல்ல வாய்ப்பிருக்குற தப்பான பதில் ரெண்டு. அந்த ஒவ்வொரு தப்புக்கும் நான் திருப்பிக் கேக்கப்போற கேள்வி ஒன்னு. பாடம் புரிஞ்சுதான்னு கடைசி அஞ்சு நிமிஷத்துல எல்லாருக்கும் குடுக்கப்போற ஒரே ஒரு கணக்கு, அதுலயும் அந்தத் தப்பு இருந்தா வெளிய தெரியுற மாதிரி நம்பர தேர்ந்தெடுக்கணும். உதாரணத்துக்கு கழித்தல் பாடத்துக்கு 58 கழித்தல் 32 குடுத்தீங்கன்னா புரியாத பிள்ளையும் சரியா போட்டுரும், உங்களுக்கு ஒன்னுமே தெரியாது. 52 கழித்தல் 38 குடுங்க.

---

மூணாங்கிளாஸ்_அக்கா

சார் சொன்ன பின்பக்கக் குறிப்பு எழுதும்போது தப்பான பதில் என்னவா வரும்னு யோசனை வரலன்னா, உங்க மென்டர் டீச்சர்கிட்ட போய் போன வருஷப் பழைய நோட்டு, டெஸ்ட் பேப்பர் ஏதாவது இருந்தா வாங்கிப் பாருங்க தங்கச்சி, பேர மறைச்சிட்டு குடுக்கச் சொல்லுங்க. சரியா எழுதுனத விட்டுட்டு சிவப்பு மை இருக்குற இடத்த மட்டும் பாத்துட்டே வாங்க. ஒரே தப்பு வேற வேற கையெழுத்துல திரும்பத் திரும்ப வரும். பாடம் எடுக்கப்போற முந்தின வாரம் இத பண்ணிட்டீங்கன்னா கிளாஸ்ல அந்தத் தப்பு வரும்போது திடுக்குனு இருக்காது.

குச்சி கட்டும்போது ரப்பர் பேண்ட் லூசா போடுங்க, டைட்டா போட்டா பிள்ளைங்களால பிரிக்க முடியாது.

---

நிலாமணல்

கேட்டுப் பாக்குறேன் அக்கா. சார், லூஸ் ரப்பர் பேண்ட், பின்பக்கக் குறிப்பு, மூணு நொடி எல்லாத்தையும் நோட்ல எழுதி வச்சிட்டேன். கோர்ஸ் மாறுற யோசனைய பிராக்டிஸ் முடியுற வரைக்கும் எடுக்கல. முதல் வாரம் முடிஞ்சதும் நான் கவனிச்ச பிள்ள என்ன பண்ணுச்சுன்னு இங்கயே எழுதுறேன், அப்போ இன்னும் நிறைய கேப்பேன்.